வலப்பக்கக் கதவு

ஸ்ரீராம்புரம், பெங்களூரு
9 ஜனவரி 2025

திருவாளர் கவியரசன் அவர்களுக்கு,

'நீங்கள்' என்று ஆரம்பிப்பதிலிருந்தே என் கோபம் இன்னும் ஆறவில்லை என்று தெரிந்துகொண்டிருப்பீர்கள். பதினாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் உங்களுக்கு மரியாதை கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எதிர்வீட்டு முத்தம்மாவுக்குக்கூடத் தெரியும்.

சண்டையைப் போனில் போடக்கூடாது, எழுதித்தான் போட வேண்டும் என்று கல்யாணமான புதிதில் ஒரு விதி வைத்துக்கொண்டோமே, அதை நான் மீறவில்லை. ஆகவே உங்கள் மிஸ்டு கால்கள் எதையும் நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணன் வீடு இருக்கும் அத்திபெலே என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? நீங்கள் கிளம்பிய வேகத்தைப் பார்த்தால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனது போல இருந்தது. எடுத்துக்கொண்டது இரண்டு சட்டையும் பென்சில் டப்பாவும்தான். பிரஷர் மாத்திரை டிவி மேலேயே இருக்கிறது. இந்தக் கவரில் வைத்திருக்கிறேன்.

அச்சகத்திலிருந்து, பெங்களூர் விமானங்களைப் பற்றி நாம் போட்ட புத்தகத்தின் மிச்சப் பிரதிகளும் வந்துவிட்டன. ஹாலில் ஏற்கெனவே நாம் சேர்த்துவைத்த விமானப் புத்தகங்களுக்கே இடமில்லை. அதனால் கட்டிலில் உங்கள் பாதியில் அடுக்கிவிட்டேன். உங்களைப் போலவே தூக்கத்தில் சரிந்து என் பக்கம் வருகின்றன. குறட்டை மட்டும்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நம் விமானப் பிரியர் சங்கக் கூட்டத்தில் நடந்ததை நீங்கள் அண்ணியிடம் ஒரு மாதிரி சொல்லியிருப்பீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள். விவேக் நகர் ஆம்ப்ரோஸ் சார் பிஸ்கட் டப்பா நிறையப் பழைய நெகட்டிவ்களைக் கொடுத்தார். நான் ஸ்கேன் செய்தேன், நீங்கள் பார்த்து வரைந்தீர்கள், நான் எழுதினேன். இப்படித்தான் முழுப் புத்தகமும் வளர்ந்தது. அதில் ஒன்று, ஒரு பெண் ஏணியில் கால் வைத்து டகோடா விமானத்தில் ஏறும் படம். கதவு வலப்பக்கம் இருந்தது. விமானத்தில் ஆள் ஏறுவது இடப்பக்கம்தான் என்று நம் சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். 'அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி வலப்பக்கக் கதவு கேட்டு வாங்கியது பிரபா, அதில் ஒன்று பெங்களூருக்கு வந்திருக்கிறது, இது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு தெரியுமா' என்று தோசைக் கரண்டியோடு அடுப்படியில் ஆடியது யார்? அந்த ஆட்டத்தை நம்பித்தான் ஏழாவது அத்தியாயம் முழுவதையும் எழுதினேன்.

பரத் எழுந்து, "இதுக்கு ஆதாரம் என்ன மேடம்?" என்று கேட்டபோது நான் மேடையில் இருந்தேன். நீங்கள் இரண்டாவது வரிசையில் இருந்தீர்கள். எழுந்து எனக்காகப் பேசுவீர்கள் என்று பார்த்தேன். பேசினீர்கள். "அவங்க என்ன குடுத்தாங்களோ அதத்தான் நான் வரஞ்சேன்" என்றீர்கள். பதினாறு வருஷம் கழித்து நான் 'அவங்க' ஆகிவிட்டேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, எலகங்கா விமானக் கண்காட்சிக்கு முந்தின நாள், அல்சூர் மண்டபத்தில் நம் சங்கம் புத்தக மேசை போடுகிறது. அதற்குள் ஒரு முடிவு வேண்டும். அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிடுவதா, அப்படியே வைப்பதா? வரைந்தவர் நீங்கள், சொல்லுங்கள்.

பிரபா


அத்திபெலே
13 ஜனவரி 2025, போகி

பிரபா,

மாத்திரை கிடைத்தது. அண்ணியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துச் சந்தோஷமாக இருக்கிறார். நீ ஏன் வரவில்லை என்று கேட்டபோது ஆபீசில் லீவு இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். சாமிநாதன் அண்ணன் மட்டும் நான் பல் தேய்க்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "உனக்கு எத்தன நாளு லீவுடா?" என்று கேட்கிறார். வீட்டில் உட்கார்ந்து படம் வரைகிறவனுக்கு ஏது லீவு?

டயர் கடைக்கு மேல் வீடு. ஓசூர்ப் பக்கம் போகும் லாரிகள் எல்லாம் என் தலைமாட்டில்தான் கியர் மாற்றுகின்றன. ஒரு விமானச் சத்தம் கேட்கவில்லை.

சங்கத்தில் நான் சொன்னது தப்பு. பரத் ஆதாரம் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பயந்தவன் பக்கத்தில் இருப்பவரைத் தள்ளிவிட்டு ஓடுவான், அதைத்தான் செய்தேன். நீ திட்டியதெல்லாம் எனக்கு வேண்டியதுதான்.

ஆனால் அதற்கு நீ மைக்கில் சொன்ன பதிலைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீ எழுதாததை நான் எழுதுகிறேன். "அவர் கண்ணு சரியில்லன்னு ஏர்ஃபோர்ஸே சொல்லி அனுப்பிருச்சு, அவரப் போயி கேக்குறீங்களே" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும் என்று சிரித்தேன்.

மற்ற எல்லாத் தேர்விலும் தேறி, கடைசியில் அந்தப் புள்ளிப் புத்தகத்தைக் காட்டினார்கள். எனக்கு முன்னால் இருந்தவன் உள்ளே இருந்த எண்களைச் சத்தமாகப் படித்தான். எனக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. பச்சையும் சிவப்பும் பிரியாத கண் என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். விமானம் ஓட்ட வேண்டியவன் அதற்கப்புறம் விமானத்தைப் பற்றிய புத்தகங்களை வாங்கிக்கொண்டிருந்தேன். இதை நான் அம்மாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொன்னேன், அவின்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடை மாடியில், ஒரே விமானப் புத்தகத்துக்கு நாம் இரண்டு பேரும் கை நீட்டினோமே, அதற்கடுத்த வாரம். நீ ஏன் கறுப்பில் மட்டும் வரைகிறாய் என்று கேட்டாய், அதனால் சொன்னேன். மறுநாள் ஒரு டப்பா பெயிண்ட் ட்யூப் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒட்டுத் தாள் ஒட்டி எழுதிக் கொண்டுவந்தாய். 'இது பச்சை. புல்லுக்கு. நம்பு.' அன்றைக்குத்தான் உன்னைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அதே வாயால் நீ அதைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அத்தியாயத்தைக் கிழிக்காதே. படம் சரிதான். மேசைக்கு நான் வரமாட்டேன்.

கவியரசன்


ஸ்ரீராம்புரம்
18 ஜனவரி 2025

கவி,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் வைத்துப் படித்தேன். அழுததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எழுந்து ஜன்னல் சீட்டைக் கொடுத்தார்.

நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கோபத்தில் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். உனக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். எனக்குத் தெரிந்தது என்னை நம்பி நீ சொன்னதால். அதனால் இதில் மன்னிப்பைத் தவிர எனக்கு வேறு வாதம் இல்லை. என்னை மன்னித்துவிடு கவி. 'நீங்கள்' இன்றோடு முடிந்தது.

பெயிண்ட் டப்பாவைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கறுப்பு மட்டும் வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வாய்? பச்சை ட்யூப்பில் மட்டும் தாள் கிழிந்துபோயிருக்கிறது. புதுசாக எழுதி ஒட்டத்தான் நினைத்தேன். 'நம்பு' என்று எழுதக் கை வரவில்லை. எழுதும் தகுதி திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.

நேற்று ஆம்ப்ரோஸ் சார் வீட்டுக்குப் போனேன். ஆதாரம் இல்லை என்றால் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான். குழந்தை ஏசு கோயிலில் கூட்டம், ஆட்டோ உள்ளே வரமாட்டேன் என்றது, நடந்தே போனேன். கதவு எந்தப் பக்கம், எந்த வருஷம், விமானத்தின் எண் நினைவிருக்கிறதா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"போட்டோ எடுத்தது எங்க அண்ணன்மா. எனக்கு அந்த பிளேன் பத்தி என்னா தெரியும்? நீங்க ரெண்டு பேரும் வந்தீங்க, அப்புறம் உங்க சங்கத்துலேர்ந்து நாலு பேரு வந்தாங்க, எல்லாரும் டோர் எந்தப் பக்கம், ரெக்கை எந்தப் பக்கம்னுதான் கேக்குறீங்க. ஏர்ற அந்தம்மா யாருன்னு ஒருத்தரும் கேக்கலையே."

யார் என்று கேட்டேன்.

"எங்க பெரியக்கா. பிலோமினா. நர்ஸா இருந்தா. ஒரு பேஷண்ட்ட மெட்ராஸ் கூட்டிட்டுப் போறதுக்கு ஏரோபிளேன்ல அனுப்பினாங்க. எங்க தெருவுல மொதல்ல ஏரோபிளேன் ஏறினது அவதான். உங்க புக்குல வரஞ்சிருக்கீங்களே, மூஞ்சி அவளேதான், ஆனா என்னமோ யாரோ மாதிரி இருந்துச்சு. ஆர்ட்டிஸ்ட் இல்ல, அப்பிடித்தான் வரைவாங்கன்னு விட்டுட்டேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. படத்துக்குக் கீழே நாம் என்ன எழுதியிருக்கிறோம் என்று நினைவிருக்கிறதா? 'விமானம் ஏறும் குஜராத்திப் பெண்மணி.' விவேக் நகர் பிலோமினாவை நாம் குஜராத்தி ஆக்கியிருக்கிறோம். ஆம்ப்ரோஸ் சார் கையில் புத்தகத்தைக் கொடுத்தது நான்தான். அந்த வரியைப் படித்தும் அந்த மனுஷர் எனக்குக் காபி கொடுத்தார்.

எப்போது வருகிறாய்?

பிரபா


அத்திபெலே
23 ஜனவரி 2025

பிரபா,

மன்னிப்பெல்லாம் எப்போதோ ஆகிவிட்டது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தபோது நன்றாகச் சாப்பிட்டேன், இப்போதுதான் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி தனக்கோடிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பிரபா சமையல நெனச்சுக்கினு எங்க சோத்தக் கொற சொல்றியா?" என்கிறார். உன் சமையலை நினைத்து ஒருவன் ஏங்குவான் என்று அவர் நம்புவதே எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

பெயிண்ட் வந்தது. ட்யூப்களைக் கலந்து, மாடியிலிருந்து தெரியும் சாயங்காலத்தை வரைந்தேன். அண்ணி பார்த்துவிட்டு, "மரத்துக்கு ஏன் துரு புடிச்சிருக்கு?" என்று கேட்டார். உடனே மூடி வைத்துவிட்டேன். அதுதான் என் சிக்கல், பிரபா. நீ சொன்னதை நீ திரும்ப எடுத்துக்கொண்டாய், ஆனால் கேட்டவர்கள் காதிலிருந்து அதை எடுக்க முடியாதே. இனி சங்கத்தில் யார் என் படத்தைப் பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் நினைப்பார்கள். மேசைக்குப் பின்னால் என்னால் உட்கார முடியாது. புத்தகத்திலிருந்தும் என் பெயரை எடுத்துவிடு. அட்டையில் ஒரு தாள் ஒட்டினால் போதும். நீ எழுதியது நிற்கட்டும்.

குஜராத்தி என்று நான்தான் சொன்னேன். முந்தானை வலத்தோளில் இருந்தது, எனக்குத் தெரிந்து குஜராத்திகள்தான் அப்படிப் போடுவார்கள். பிலோமினா அக்கா அன்றைக்கு ஏன் அப்படிக் கட்டினார் என்று எனக்குப் புரியவில்லை. விமானப் பயணம் என்பதால் புது மோஸ்தராக இருக்கட்டும் என்று கட்டியிருப்பாரோ? ஆம்ப்ரோஸ் சாரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

வருவதைப் பற்றிக் கேட்டாய். உன்னிடம் வருவதற்கு எனக்கு எப்போதும் சம்மதம்தான். அந்த ஊர் ஆட்களைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. பேசாமல் நீ வேலையை விட்டுவிட்டு அத்திபெலே வந்துவிடேன். டயர் கடைக்கு ஆள் வேண்டுமாம்.

கவி


ஸ்ரீராம்புரம்
27 ஜனவரி 2025

கவி, கவி, கவி,

டயர் கடைக்கு நான் வரவில்லை. நீ இதை உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று எங்கள் அக்கா மகள் சிந்துவின் கல்யாண வரவேற்பு. வருஷத்துக்கு இரண்டு தடவை புடவை கட்டுகிறவள் நான், பீரோ கண்ணாடி முன்னால் நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கொசுவம் நின்றது. முந்தானையை எடுத்து இடத்தோளில் போட்டுப் பின் குத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், கண்ணாடியில் பிலோமினா அக்கா நிற்கிறார். முந்தானை வலத்தோளில்.

குத்தின பின்னைக்கூடச் சரிபார்க்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் படத்தை இடம் வலமாகத் திருப்பினேன். முந்தானை இடத்தோளுக்கு வந்தது. கைக்கடிகாரம் இடக்கைக்கு வந்தது. விமானத்தின் கதவு, உன் அபூர்வமான, அமெரிக்கக் கதவு, சமர்த்தாக இடப்பக்கம் வந்து நின்றது. உலகத்தில் இருக்கும் எல்லா டகோடாவையும் போல ஒரு டகோடா.

நெகட்டிவை ஸ்கேனரில் மாற்றிப் போட்டது நான். மற்றவை எல்லாம் ஓரத்தில் எண் போட்ட நீளத் துண்டுகள், அது மட்டும் தனியாக வெட்டின ஒற்றைத் துண்டு. எந்தப் பக்கம் முன்பக்கம் என்று நான் பார்க்கவில்லை. படத்தில் விமானத்தின் எழுத்து ஒன்றாவது இருந்திருந்தால் இடம் வலம் மாறித் தெரிந்து மாட்டியிருப்பேன். கதவும் வாலும் மட்டும் இருந்ததால் தப்பித்தேன்.

உன் பங்கும் இதில் உண்டு. கதவு மாறியிருப்பதைப் பார்த்ததும் வேறு யாராக இருந்தாலும் 'அடியே, படத்தைத் திருப்பிப் போட்டாயா' என்று கேட்டிருப்பான். நீ மட்டும்தான் இத்தனை புத்தகம் படித்திருந்ததால் அதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு காரணத்தைக் கொண்டுவந்தாய். கதவுக்கு ஒரு காரணம் கிடைத்ததும் முந்தானைக்கும் ஒரு குஜராத்தைக் கொண்டுவந்தாய். நானும் லேசுப்பட்டவள் இல்லை. குஜராத்திகள் கட்டும் முறையில் முந்தானை முன்பக்கம் விழும். நம் படத்தில் அது முதுகுப் பக்கம் தொங்குகிறது. புடவை கட்டத் தெரிந்த எனக்கே அது உறைக்கவில்லை. ஏனென்றால் நானும் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தேன்.

யோசித்துப் பார். சங்கத்தில் அத்தனை பேர். ஆளுக்கு ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஆணி ஆணியாகப் பார்த்தோம். படத்தில் நட்டநடுவில் நிற்கும் மனுஷியை ஒருவரும் பார்க்கவில்லை. கண் சரியில்லாதவன் நீ மட்டும் என்று நான் மைக்கில் சொன்னேனே. உன்னுடைய கண்ணைச் சோதித்தாவது பார்த்தார்கள். எங்களையெல்லாம் சோதிக்காமலேயே விட்டுவிட்டார்கள்.

பெயரை எடுக்க மாட்டேன். அது நம் புத்தகம். ஒரு திருத்தச் சீட்டு அச்சடிக்கிறேன். 'படத்தை மாற்றிப் போட்டது பிரபா' என்று அதில் இருக்கும். நீ புதுப் படம் வரைந்து அனுப்பு, அதையும் சேர்த்து ஒட்டலாம். இந்தத் தடவை பிலோமினா அக்காவை வரை. விமானம் பின்னால் இருக்கட்டும்.

பிரபா

வரவேற்புக்குத் தாமதமாகத்தான் போனேன். அக்கா இன்னும் பேசவில்லை. உன்னால் எனக்கு எத்தனை சண்டை பார்.


அத்திபெலே
1 பிப்ரவரி 2025

பிரபா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடியில் நின்று தனியாகச் சிரித்தேன். அண்ணன் கீழேயிருந்து, "என்னடா ஆச்சு?" என்றார். நான் குஜராத்தைக் கொண்டுவந்த கதையைச் சொன்னேன். சண்டை போட்டுக்கொண்டு வந்ததையும் அப்படியே சொல்லவேண்டியதாகிவிட்டது. அண்ணி என் பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டார்.

படம் இதோடு இருக்கிறது. மூன்று நாள் வரைந்தேன். இவ்வளவு காலம் ஆட்களை அளவுக்காகத்தான் விமானத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவேன், ஆள் இவ்வளவு உயரம் என்றால் கதவு இவ்வளவு உயரம் என்று தெரியட்டும் என்று. பிலோமினா அக்காவை வரையும்போதுதான் பார்த்தேன், ஏணியில் வைத்த காலை அவர் கெட்டியாக வைத்திருக்கிறார். மற்றக் கால் இன்னும் தரையை விடவில்லை. பயந்திருக்கிறார். ஆனால் சிரிக்கிறார். இத்தனை மாதம் என் மேசையில் இருந்த படம்.

நிறம் போட்டிருக்கிறேன். யாரையும் கேட்கவில்லை. நெகட்டிவ் கறுப்பு வெள்ளை, அதனால் என்ன நிறம் போட்டாலும் தப்பு என்று சொல்ல ஆளில்லை என்ற தைரியம்தான். புடவைக்கு மஞ்சள் எடுத்தேன். அந்த ட்யூப்பில் நீ எழுதியது அழியாமல் இருக்கிறது: 'இது மஞ்சள். இது உனக்கும் எனக்கும் ஒன்றுபோலத் தெரியும்.' புல்லுக்குத்தான் தாள் இல்லாத ட்யூப்போடு இன்னும் சிலதைக் கலந்தேன். நானாகப் போட்டேன். எப்படி வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

சீட்டில் உன் பெயர் மட்டும் இருந்தால் சரியாக இருக்காது. நான் எழுதியதைச் சேர்த்துக்கொள்: 'வலக்கதவு டகோடா எதுவும் பெங்களூருக்கு வரவில்லை. படத்தை மாற்றிப் போட்டது பிரபா. அதற்குக் கதை கட்டியது கவியரசன். படத்தில் இருப்பவர் விவேக் நகர் நர்ஸ் பிலோமினா. புதிய படத்தின் நிறங்களும் கவியரசனுடையவை. அவருக்குப் பச்சையும் சிவப்பும் பிரியாது.'

கடைசி வரியை எடுத்துவிடாதே. நானே அச்சில் போட்டுவிட்டால் அப்புறம் யாரும் காதோடு காதாகச் சொல்ல வேண்டியதில்லை. மேசையில் உட்கார்ந்து என் கையாலேயே ஒட்டுகிறேன். பரத்துக்கு முதல் பிரதி.

ஒன்பதாம் தேதி காலை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

கவி


ஸ்ரீராம்புரம்
9 பிப்ரவரி 2025, காலை

கவி,

மேசையைப் போட நான் முன்னாலேயே மண்டபத்துக்குக் கிளம்புகிறேன். இதை உப்புமா மூடிமேல் வைத்திருக்கிறேன், உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு மீதியைப் படி. சாவி முத்தம்மாவிடம் இருந்தது என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். "உங்க எஜமானரு பந்த்ரா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். வந்துவிட்டார் என்று நீயே போய்ச் சொல்.

சீட்டு நீ எழுதியபடியே அச்சாகிவிட்டது. படத்தை ஆம்ப்ரோஸ் சாரிடம் காட்டினேன். புடவை என்ன கலர் என்று அவருக்கு நினைவில்லை. ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். "இப்பத்தாம்மா எங்க அக்கா" என்றார். அவருக்கு ஒரு பிரதி சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

புல் செங்கல் நிறத்தில் இருக்கிறது. மாற்றச் சொல்லவில்லை. யாராவது கேட்டால், வெயில் காலத்தில் பெங்களூர்ப் புல் அப்படித்தான் இருக்கும் என்று சொல்வதாக இருக்கிறேன். நீ ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திரு.

மேலே ஒத்திகை விமானங்கள் பறக்கின்றன. எழுதும்போதே ஜன்னல் அதிர்கிறது. நீ இல்லாமல் மாடிக்குப் போய்ப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் எந்த விமானம் என்று தெரியவில்லை.

உன் மேசைமேல் பச்சை ட்யூப்புக்குப் புதுத் தாள் எழுதி வைத்திருக்கிறேன். நீயே ஒட்டிக்கொள்.

கட்டிலில் இருந்த புத்தகங்களை எல்லாம் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். பஸ்ஸில் வந்த களைப்பு இருக்கும், கொஞ்சம் படுத்துவிட்டு வா. உன் பாதி காலியாக இருக்கிறது.

பிரபா